மூக்கனுக்கு ஒரு குண்டுமணிப் பொன்

வாசல் தெளித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள் பிரம்மநாயகி ஒரு பாட்டம் அழுது முடித்து, அடுத்த பாட்டத்துக்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அடுக்களையில் கோமு உலைக்கு அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா... கடைசித் தடவையா கேக்குதேன். தருவியளா, மாட்டியளா?"

கோமு அரிசிச் சட்டியில் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் கோமு. பெரியவர் ஐயம்பெருமாளின் மனைவி. இளையவன் கைலாசத்தின் மனைவிதான் இந்தப் பிரம்மநாயகி. இவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று தவழுமுன் போயிற்று, ஒன்று நடக்குமுன் போயிற்று. மூன்றாவது, வானத்தில் வால்நட்சத்திரம் நின்ற வருஷம் பிறந்தான். ஊரெல்லாம் அதைப் பார்த்துப் பயந்தது என்றால், பிரம்மநாயகி தொட்டிலைப் பார்த்துப் பயந்தாள்.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளை தவறியபின் பிறக்கும் பையனுக்கு வலது மூக்கைக் குத்தி வளையம் போட்டு, மூக்கன் என்று பேரும் வைத்துவிடுவார்கள். உயிரைக் கொண்டுபோக வருகிறவன் வளையத்தைப் பார்த்து, 'ஆண்பிள்ளையைத் தேடி வந்தோம், இது பெண்பிள்ளையாக இருக்கிறதே' என்று ஏமாந்து திரும்பிவிடுவானாம். எமனை அவ்வளவு அசடு என்று நினைத்திருந்தார்கள் பாவம்!

குத்துவது சுலபம். வளையத்துக்குப் பொன் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு பிள்ளையைக்கூட மண்ணுக்குக் கொடுக்காத சுமங்கலி, தன் மூக்கிலிருந்து கழற்றித் தரவேண்டும். அப்படித் தந்த பொன்னை உருக்கித்தான் வளையம் செய்யவேண்டும். பேதியும் அம்மையும் வருஷம் தவறாமல் வந்துபோன அந்தக் காலத்தில் மண்ணுக்குப் பிள்ளை கொடுக்காத வீடு எது? தெரு முழுக்கத் தேடி அலுத்தபின் எல்லார் விரலும் கோமுவின் பக்கம் திரும்பியது. பெற்றால்தானே பறிகொடுக்க! வளைகாப்பு வீடுகளில் அவளை ஓரமாக உட்காரவைத்த அதே பெண்கள், "கோமுதான் இதுக்கு ஏத்தவ" என்றார்கள்.

கோமுவோ மாட்டேன் என்றுவிட்டாள்.

"வளையலைக் கேளு தாயி, தாரேன். அட்டிகையைக் கேளு, இப்பமே கழத்தித் தாரேன். மூக்குத்தியை மட்டும் கேக்காத..."

காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டுச் சங்கரவடிவு சும்மா இருப்பாளா? "பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை அருமை எங்கன தெரியும்? உன் மடி நிறைஞ்சது அவளுக்குப் பொறுக்கலை" என்று கிணற்றடியில் பிரம்மநாயகியின் காதில் ஓதிவிட்டாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மூன்று பேறுகாலத்திலும் தனக்குப் பத்தியம் வடித்துப்போட்ட கை கோமுவின் கை என்பது பிரம்மநாயகிக்கு மறந்துபோகவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் நன்றி எல்லாம் அதற்குப் பின்னால்தானே நிற்கிறது!

வயலிலிருந்து வந்த கைலாசம் மனைவியின் அழுகையைக் கேட்டு நேரே அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"மதினி, இன்னைக்கு ஆசாரி வாராரு. ஒங்க காலை வேணும்னாலும் பிடிக்கேன். தந்திருங்க."

"ஐயா... வேற என்ன வேணும்னாலும் கேளு. அது மட்டும் ஆகாது."

கைலாசத்துக்கு முகம் சிவந்தது.

"ஊர்ல எவனாவது ஒங்களை மலடின்னு சொன்னா நான் சண்டைக்குப் போயிருக்கேன். அவங்க சொன்னது சரிதான் மதினி! ஒங்களுக்கு வயிறு மட்டுமா மலடு... மனசும்லா மலடு!"

அரிசி களைந்த சட்டி கோமுவின் கையிலிருந்து நழுவியது. முற்றத்தில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் எழுந்து வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அன்று அவர் குரலில் தூண் அதிர்ந்தது.

"ஏலே கைலாசம்! யாரைப் பாத்து என்ன வார்த்தை சொன்ன?"

கோமு ஓடிவந்து குறுக்கே நின்றாள். "வேண்டாம்! சொல்லாதிய! என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கிய!"

"அந்தச் சத்தியத்தை இத்தனை வருசம் சுமந்தாச்சு. இனிமே முடியாது." அவர் தம்பியின் தோளைப் பிடித்தார். "ஏலே, உனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். ஆத்தா செத்த வருசம். படித்துறைக்கு வெள்ளம் பாக்கப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு... வழுக்கி விழுந்திட்டேன். மதினி குதிச்சு இழுத்துப் போட்டாவ."

"அப்பம் அவ வயித்துல நாலு மாசம்."

கைலாசம் அண்ணன் முகத்தையே பார்த்தான்.

"உன்னைக் கரையில போட்டா. அன்னைக்குச் சாயங்காலமே அதைப் பறிகொடுத்தா. அதுக்குப் பொறவு வயிறு திறக்கலை. தாயில்லாத பய, தன்னால ஒரு உயிர் போச்சுன்னு நினைச்சு நினைச்சுக் கருகிப் போவான், அவனுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. மலடிங்கிற பேரை வாங்கிக்கிட்டா! பிள்ளையைப் பறிகொடுத்தவ மூக்குப் பொன் உன் பிள்ளைக்கு ஆகாதுன்னுதாம்லே தரமாட்டேங்கா! அவளுக்கா மனசு மலடு?"

கைலாசம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"சொல்லிட்டியளே... பாவி மனுசா, சொல்லிட்டியளே!" கோமு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கைலாசத்தின் பக்கம் திரும்பி, "நீ என்ன செய்வ ராசா... சின்னப் பிள்ளை. உன் மேல ஒரு குத்தமும் இல்லய்யா..." என்றாள். அந்த நேரத்திலும் அவள் தேற்றியது அவனைத்தான்.

பிரம்மநாயகி தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து வந்தாள். கோமுவைப் பிடித்து உட்காரவைத்து, அவள் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள்.

"கழத்துங்க அக்கா."

"பைத்தியக்காரி... கேட்டியா இல்லையா? வழக்கம் என்ன..."

"எமன் கையில போன பிள்ளையைப் பிடுங்கிட்டு வந்தவ நீங்க! என் கழுத்துல தாலி ஏறினதும் அதனால. இவன் பிறந்ததும் அதனால. வழக்கம் வச்சவங்களுக்கு ஒங்களைத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா வேற மாதிரி வச்சிருப்பாவ." குரல் உடைந்தது. "நான் பேசின பேச்சுக்கெல்லாம் என்னை மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் பொன்னு எனக்கு வேணும். அதுதான் வேணும்!"

கோமு மூக்குத்தியின் திருகைக் கழற்றினாள்.

கொம்பையா ஆசாரி அந்தக் குண்டுமணிப் பொன்னை முற்றத்திலேயே உருக்கி வளையமாக நீட்டினார். பிள்ளையின் தலையைக் கோமு நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, ஊசி ஒரு நொடியில் போய் வந்தது. பிள்ளை வீறிட்டான். கோமுவும் சேர்ந்து அழுதாள்.

"வெந்நீர்ல உப்புப் போட்டுக் கழுவணும் தாயி. புண்ணு மேல காயுற பக்கு ஊறினபொறவுதான் வளையத்தைப் பைய திருப்பணும். காஞ்ச பக்கோட திருப்பினா புண்ணாயிரும்" என்று சொல்லிவிட்டு ஆசாரி போனார்.

அன்றுமுதல் அந்த மூக்கு கோமுவின் பொறுப்பு. காலையும் மாலையும் பஞ்சை நனைத்து ஒற்றுவாள். மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் கோழியிறகால் தொட்டுவைப்பாள். பிள்ளை வளையத்தைப் பிடித்து இழுக்காதபடி இரண்டு கைக்கும் பழந்துணியில் உறை தைத்துப் போட்டாள். தன் மூக்குத் துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். அவ்வளவு பெரிய வீட்டு மருமகள் மூக்கில் குச்சியோடு நடப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வாரம் திரும்புவதற்குள் பிள்ளையின் மூக்கு வீங்கிச் சிவந்தது. உடம்பும் சுட்டது. கோமுவுக்கு உயிரே போய்விட்டது.

"என் பொன்னுதான் ஆகலை தாயி! நான் அப்பமே சொன்னேனே... கழத்திருவோம்!"

பிரம்மநாயகிக்கும் உள்ளே நடுக்கம்தான். இரண்டு பிள்ளையைக் கொடுத்தவள் அல்லவா! ஆனாலும் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழத்தினா துவாரம் மூடிச் சீழ் உள்ளேயே நின்னுக்கிடும். நீங்க கழுவுங்க அக்கா. ஒங்க கையை நம்பித்தானே குடுத்திருக்கேன்."

அந்த ஒரு சொல்லுக்காகவே கோமு பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. ஒற்றினாள், கழுவினாள், பக்கு ஊறும்வரை காத்திருந்து திருப்பினாள். சீழ் வடிந்தது, சூடு தணிந்தது. பிறகு ஒரு காலையில் வளையம் வலிக்காமல் சுழன்றது. பிள்ளை பொக்கைவாயைத் திறந்து சிரித்தான். "காசிபநாதா, என்னையும் ஒரு மனுசியா வச்சியே" என்று கோமு கும்பிட்டாள். ஆற்றில் போனதை நினைத்து அவள் சுவாமியை ஒருநாளும் வைததில்லை. இதைத் தந்ததற்கு மட்டும் நாள்முழுக்க நன்றி சொன்னாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளை அறுத்தது. அன்றிலிருந்து கைலாசம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் இலையைவிட்டுத் தலை நிமிர்த்தவில்லை. எதற்குப் பயந்து அத்தனை வருஷம் வாயைக் கட்டினாளோ, அதுவே நடந்துவிட்டது.

சங்கரவடிவு மூக்கனைப் பார்க்க வந்தாள். கோமுவின் மடியில் பிள்ளையைப் பார்த்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"இது என்ன கூத்து! பெத்தவ அங்கன நிக்கா. ஒண்ணும் பெறாதவ மடியில பிள்ளை கெடக்கு."

உள்ளே இருந்த கைலாசம் வெளியே வந்தான்.

"யாரு பெறாதவ? எங்க மதினிக்கு மூணு பிள்ளை. மூத்தது ஆத்தோட போச்சு. நடுவுல உள்ளது நான். கடைசிப் பிள்ளை இன்னா, மூக்கைக் காட்டிக்கிட்டுக் கெடக்கான். இன்னும் எத்தனை பெறணுங்கிய?"

சங்கரவடிவு வந்த வழியே போனாள். கைலாசம் கோமுவின் எதிரே தரையில் உட்கார்ந்து, இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எம்மா... எனக்குப் பசிக்கும்மா."

"இன்னா... இன்னா இலை போடுதேன் ராசா" என்று எழப்போன கோமுவால் எழ முடியவில்லை. அவன் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். படித்துறையில் இழந்ததற்கு அன்றைக்கு அழாத அழுகை அது. பிரம்மநாயகி பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, அடுக்களைக்குப் போய் இருவருக்குமாக இலை போட்டாள்.