நடுவில் விட்ட இடம்

தலையாடிக்கு மாமியார் வீடு வந்த அறிவழகன், சிதம்பரத்தில் பஸ் மாறிக் குமராட்சியில் இறங்கினான். கையிலிருந்த பையில் கல்யாண மாலைகள் சருகாகிக் கிடந்தன. ஆடிப் பதினெட்டன்று புதுமணத் தம்பதிகள் மாலையைக் கொள்ளிடத்தில் விட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம்.

ஆடி பிறந்ததும் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட அவன் மனைவி இளவரசிக்கு இத்தனை நாளும் தூக்கமே இல்லை. செம்மண்டலத்து வீட்டில் அவன் தனியாகவா இருக்கிறான்? சுவரில் படமாக, தலை நிறைய மரிக்கொழுந்தோடு சிந்துஜா இருக்கிறாளே! காய்ச்சலில் போய்ச் சேர்ந்த முதல் மனைவி. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்கலாம். உயிரோடு இருப்பவள் என்றால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இவள் சண்டைக்கும் வரமாட்டாள், இவளுக்கு வயதும் ஏறாது.

கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்கவேண்டும் என்று அறிவழகனின் அம்மா பட்டம்மாள் கெஞ்சினாள். பூவும் பொட்டுமாகச் செத்தவளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, அதைப் புதுப்பெண் கட்டிக்கொண்டால் மூத்தவள் மனம் குளிர்ந்து ஒதுங்கிவிடுவாளாம்.

“செத்தவளுக்கு வச்ச சேலைய நான் கட்டணுமா? முடியவே முடியாது” என்று ஒரே பிடியாக நின்றாள் இளவரசி. படையல் நடக்கவில்லை.

ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போனது. மாலையை விட்டார்கள், கயிறு மாற்றினார்கள். சேற்று வாடைக்கு நடுவே எங்கிருந்தோ மரிக்கொழுந்து மணந்தது. அறிவழகன் சட்டென்று தலை திருப்பினான்.

“மாமா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்றாள் இளவரசி. சிந்துஜாவை இறக்கிவிட்டு, அதே ஆணியில் இதை மாட்டிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்தாள். அவன் கையை இறுகப் பிடித்து, தோளோடு தோள் உரச நின்றாள். அந்தப் பெண் எடுத்துக் கொடுத்துவிட்டு, இளவரசியை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி போய்விட்டாள்.

படத்தில் அவன் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

“ஏன் இப்படித் தள்ளி நின்னே?” என்றான் அறிவழகன்.

“நானா? ஒங்க கையப் புடிச்சிக்கிட்டுதான நின்னேன்!”

“என் கையா?” அவன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன.

இளவரசிக்குப் பயத்தைவிடக் கோபமே முன்னால் வந்தது. இந்த ஒரு படத்தைக்கூடவா விடமாட்டாள்?

மரிக்கொழுந்து வாடை மூக்கருகே நெருங்கியது.

“அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கண்ணே” என்று, குடும்பத்தோடு வந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டாள். இம்முறை அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

அவர் போனை உயர்த்தினார்.

இறக்கினார்.

அவர் முகத்தில் சங்கடம். நல்ல மனுஷர்தான்; யார் மனமும் நோகக்கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. நீ கொஞ்சம் ஒதுங்கிக்க. மாப்ளயும் பொண்ணும் மட்டும் மொதல்ல ஒண்ணு எடுத்துக்கட்டும்.”

அவள் திரும்பி அறிவழகனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அவள் கண்டதில்லை.

அவளுடைய கை தானாக நழுவியது. கால்கள் தானாக விலகின.

போன் கிளிக் என்றது.

“பொண்ணு கண்ண மூடிடுச்சி. இன்னொண்ணு எடுத்துர்றேன்” என்றார் அவர்.