பின்சக்கரத்துக் கூந்தல்

புது வண்டியிலிருந்து மல்லிகைப்பூ வாசனை வந்தது.

தசரதன் குனிந்து பெட்ரோல் டேங்கை முகர்ந்தான். பெயின்ட் வாசனை. சீட்டை முகர்ந்தான். ரெக்ஸின் வாசனை. நிமிர்ந்ததும் மறுபடி மல்லிகை. ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பூஜை போட்ட அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், ஹேண்டில்பாரில் மாலை போட்டார்கள். ஆனால் அது சாமந்தி மாலை. அதுவும் வாடிக் குப்பைக்குப் போய் ஒரு வாரமாகிறது. இது வேறு. அப்போது பறித்த பூவின் வாசனைகூட அல்ல. ராத்திரி முழுக்க யாரோ தலையில் வைத்துப் படுத்து, தலையணையில் கசங்கி, எண்ணெயும் வியர்வையும் ஏறி, விடிந்ததும் பழுப்பாக உதிர்கிற பூவின் வாசனை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

2003-ஆம் வருஷம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அப்படியொரு டூரிங் பைக் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அகலமான சீட், உயர்த்திய ஹேண்டில்பார், எத்தனை தூரம் போனாலும் முதுகு வலிக்காத அமைப்பு. கல்யாணம் பேசும்போதே மதிவதனியிடம் வாக்குக் கொடுத்திருந்தான், இந்த மாதிரி ஒன்று வாங்கி அவளைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவதாக. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. வண்டி வந்த பிறகும் அவளை ஏற்றவில்லை. முதல் சர்வீஸ் வரை தனியாள் பாரத்தில், நாற்பதைத் தாண்டாமல் ஓட்டி இன்ஜினைப் பழக்க வேண்டும் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள்.

"இது மொதல்லயே வந்திருந்தா இதையே கட்டிக்கிட்டிருப்பீங்க," என்றாள் மதிவதனி.

"இதுக்கு இட்லி சுடத் தெரியாதே."

"ஓ, அதுக்குத்தான் நானா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிரிப்பு முடிவதற்கு முன்பே உள்ளே போய்விட்டாள்.

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவதற்குக் கிரிவலப் பாதையை விட்டால் வேறு ரோடு ஏது? ஆபீஸ் விட்டதும் தினமும் ஒரு சுற்று. முறைப்படி சுற்ற வேண்டுமானால் ஆபீஸ் விடுகிற நெரிசலிலேயே டவுனுக்குள் புகுந்து, செங்கம் ரோட்டில் பஸ்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் வேங்கிக்காலிலிருந்து நேராக வடக்குப் பக்கம் ஏறி, அடி அண்ணாமலை வழியாக எதிர்த்திசையில் சுற்றினான். ஊரே மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடக்கும். தசரதனுக்கு மலை இடப்பக்கம். வெறுங்காலோடு எதிரே வருகிறவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விலகுவார்கள்.

அடி அண்ணாமலையில் அவன் டீ குடிக்க நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வளையல், கிளிப், பொட்டு, பூ விற்கிற பச்சையம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இன்னா சார், தெனைக்கும் எதிர்லயே வர்ற?"

"நான் சாமி சுத்த வரலம்மா. இன்ஜினைப் பழக்க வர்றேன்."

"அட, அதுக்கில்ல. நோவு, பீடைன்னு அவனவன் இந்த ரோட்டுல எறக்கி வெச்சிட்டுப் போறான். நீ எதிர்ல வந்து மொத்தத்தையும் வாரிக்கினு போறியேன்னு கேட்டேன்."

டீக்கடையே சிரித்தது. தசரதனும் சிரித்தான்.

அந்த வாரம்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வேடியப்பனிடம் வண்டியைக் கொண்டுபோனான். நீண்ட பயணத்துக்குத் துணிமணி வைக்க இரண்டு பக்கமும் பெட்டி பொருத்த வேண்டும்.

"பொட்டிக்கு பிரேம் அடிக்கணும்னா இந்த சேலை கார்டைக் கழட்டியாவணும் சார். ரெண்டும் ஒண்ணா நிக்காது." பின்னால் உட்காருகிற பெண்களின் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற கம்பிச் சட்டத்தை வேடியப்பன் ஸ்பேனரால் தட்டிக் காட்டினான். "வீட்ல சேலையா, சுடிதாரா?"

"ஊருக்குப் போறப்ப சுடிதார்தான்."

"அப்புறம் இன்னா பயம்? கழட்டிப் போட்டா வண்டி லுக்கே தனி சார்."

கழற்றிப் போட்டார்கள். துணியைப் பற்றித்தான் இரண்டு பேரும் யோசித்தார்கள்.

மறுநாள் மாலை, அடி அண்ணாமலை தாண்டியதும் சத்தம் கேட்டது. பின்னால், கால் மட்டத்துக்குக் கீழே, நனைந்த துணியைத் தரையில் இழுப்பது போல. சர்ர்... சர்ர்... பெட்டி டயரில் உரசுகிறதோ என்று வீட்டுக்கு வந்ததும் சென்டர் ஸ்டாண்ட் போட்டான். அந்த ஸ்டாண்டில் நின்றால் பின்சக்கரம் தரையைத் தொடாது. விரலால் தள்ளினாலே சுற்றும். சுற்றிவிட்டுப் பார்த்தான். பெட்டி எதிலும் உரசவில்லை. சக்கரத்தின் நடுவே, அச்சில், கறுப்பாக ஏதோ சுருண்டிருந்தது.

நூல்கண்டு என்று நினைத்து விரலை விட்டு இழுத்தான். வழவழவென்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவன் முழங்கை நீளத்தைத் தாண்டியும் முடியவில்லை. முடி. ஒரு பெண்ணின் தலைமுடி. கிரீஸ் இல்லை அதில், தேங்காய் எண்ணெய். நடுவில் பழுத்துப்போன இரண்டு மல்லிகைப் பூக்கள் நசுங்கி ஒட்டியிருந்தன. அச்சு குளிர்ந்துவிட்டது, அந்த முடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதை உதறினான். விரலை விட்டுப் போகவில்லை. சுவரில் தேய்த்தான்.

"எதிர்ல வந்த எவளோட சவுரியையோ வாரிக்கிட்டு வந்திருக்கீங்க சார்," என்று காலையில் பட்டறையில் வேடியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "வீட்ல சொல்லிடாதீங்க!"

அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினான். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தான். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் மறுபடி அச்சில் அந்தக் கறுப்புச் சுருள், முந்தின நாளைவிடத் தடிமனாக. முடியோடு முடியாக ஈர் ஒட்டியிருந்தது, வெள்ளை வெள்ளையாக. ஒருநாள் கொத்தாகப் பிடித்து இழுத்தபோது வேர்ப்பக்கத்தில் மெல்லிய, ஈரமான, வெளுத்த தோல் வந்தது. பால் ஆடை போல. அவன் அதை விரலில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. பிறகு வாசல் ஓரத்திலேயே வாந்தி எடுத்தான்.

கடைசியாக வந்தது ஒரு கிளிப். பட்டாம்பூச்சி வடிவம், மஞ்சள் பிளாஸ்டிக். ஒரு றெக்கை உடைந்திருந்தது. அதன் பல்லில் முடி இறுகச் சிக்கியிருந்தது, முடியில் ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டான். கையை எத்தனை முறை கழுவியும் விரல் இடுக்கில் அந்த வாசனை இருந்தது. சோற்றில் இருந்தது. தலையணையில் இருந்தது.

மதிவதனியிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஆனால் உடம்பு சொல்லிவிட்டது. ரசத்தில் ஒரே ஒரு முடி மிதந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினான். சீப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். ஒருநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், பின்பக்கமாக வந்து விளையாட்டாக அவன் முதுகில் சாய்ந்தாள். ஈரக்கூந்தல் கழுத்தில் விழுந்து, சட்டைக்குள் வழிந்தது. வெதுவெதுப்பாக.

"எடுடி! ச்சீ, அதை எடு!"

அவன் தள்ளிய வேகத்தில் அவள் அலமாரியில் மோதிக்கொண்டாள். வலியைவிட அந்த 'ச்சீ'தான் அவளுக்குப் பட்டது.

"என்னைப் பாத்தா அருவருப்பா இருக்குதா?"

"இல்ல மதி..."

"பொய் சொல்லாதீங்க. நான் தொட்டா ஒதுங்குறீங்க. நான் போட்ட சோறு எறங்க மாட்டேங்குது. அந்த வண்டியை மட்டும் தெனம் சக்கரத்தடியில உக்காந்து தடவுறீங்க." அவள் குரல் உடைந்தது. "சர்வீஸ் முடிஞ்சதும் என்னை உக்கார வெச்சு ஓட்டுங்க. இல்லைன்னா நான் ஆரணிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். நீங்களும் அதுவும் குடித்தனம் பண்ணுங்க."

சர்வீஸ் முடிந்தது. வேடியப்பன் பின்சக்கரத்தையே கழற்றிக் காட்டினான். அச்சு பளபளவென்று இருந்தது. "எங்க சார் முடி? ஒரு மசுரும் இல்ல." அன்று தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தும் அச்சில் எதுவும் இல்லை. வாசனையும் இல்லை. தசரதனுக்குப் பல நாளைக்குப் பிறகு பசித்தது.

சனிக்கிழமை மாலை மதிவதனி சுடிதாரில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அவளைப் பார்த்ததும் முதலில் அவன் செய்த காரியம், கூந்தலை இறுக்கமாகக் கொண்டை போடச் சொன்னதுதான். துப்பட்டாவை இடுப்பில் கட்டச் சொன்னான்.

"இன்னிக்கு முறைப்படி சுத்தலாம்," என்றான். டவுன் பக்கம்தான் திருப்ப நினைத்தான். ரோட்டுக்கு வந்ததும் கை பழகின பக்கம் திருப்பியது. மலை இடப்பக்கம் வந்து நின்றது.

தீபம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மழை ஈரமும் நெய்க்கரி வாசனையும் காற்றில் கலந்திருந்தன. மதிவதனி அவன் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். ஏற்காட்டில் எங்கே தங்குவது, ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா. அவனுக்கு அருவருக்கவில்லை. அந்தக் கனம் முதுகுக்கு இதமாக இருந்தது. இவளையா தள்ளினேன் என்று நினைத்துக்கொண்டான்.

அடி அண்ணாமலையில் டீக்கு நிறுத்தினான். ரோட்டோரம் சேறாக இருந்ததால் சென்டர் ஸ்டாண்ட் போட்டான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நீங்க டீ சொல்லுங்க, தோ வந்துடறேன்," என்று மதிவதனி பச்சையம்மாள் கடைப் பக்கம் ஓடினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மலை கறுத்தது. தசரதன் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று டீயை ஊதினான். ஒரு வாய் குடித்தான்.

மல்லிகை வாசனை.

கசங்கிய, பழுத்த, எண்ணெய் ஏறிய மல்லிகை.

திரும்பவில்லை.

"இங்க பாருங்களேன்!"

பத்தடி தள்ளி, கடை வாசலில் மதிவதனி நின்றாள். கொண்டையை அவிழ்த்து விட்டிருந்தாள். கூந்தல் இடுப்பைத் தாண்டி விழுந்து கிடந்தது. பச்சையம்மாள் முழம் போட்டுக் கொடுத்த பூ அதில் தொங்கியது. மதிவதனி பக்கவாட்டில் திரும்பிப் பின்தலையைக் காட்டினாள்.

மஞ்சள் பட்டாம்பூச்சி.

"ஒரு றெக்கை உடஞ்சிருக்குன்னு கம்மியா குடுத்தாங்க. நல்லாருக்கா?"

டீ கிளாஸ் விழுந்தது.

"மதி. அங்கயே நில்லு. வண்டிகிட்ட வராத."

"ஏன்?"

"வராதன்னா வராத! ஆட்டோவுல போலாம். நான் வண்டியை இங்கயே போட்டுட்டு வர்றேன். அந்தக் கிளிப்பைக் கழட்டு."

அவள் முகம் சுருங்கியது. ஆனால் நின்றாள். அசையவில்லை. போதும். அது போதும். அவள் அங்கே, வண்டி இங்கே. நடுவில் அவன். அவள் ஏறவே போவதில்லை. சக்கரம் ஓடவே போவதில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. மூச்சை விட்டான்.

"ஸ்... ஆ!" மதிவதனியின் கை பின்தலைக்குப் போனது. "விளையாடாதீங்க. வலிக்குது."

அவன் அவளுக்கு எதிரே, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"யாரு இழுக்கறது? விடுங்க... ஐயோ, விடச் சொல்லுங்க!"

அவள் தலை சாய்ந்தது. ஒரு காலடி முன்னால் வந்தாள். வர விரும்பாமல்.

அப்போதுதான் தசரதனின் கழுத்தில் ஏதோ உரசியது. மெல்லியதாக. வெதுவெதுப்பாக. டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியது. ஒரே ஒரு முடி. மஞ்சள் கிளிப்பிலிருந்து கிளம்பி, அவன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, வீணைத் தந்தி போல விறைப்பாக அவனைத் தாண்டிப் பின்னால் போனது.

திரும்பினான்.

சென்டர் ஸ்டாண்டில், தரையைத் தொடாமல், வண்டியின் பின்சக்கரம் மிக மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

சர்ர்...

சர்ர்...