பதினொரு பேருக்குப் போட்ட வெர்தி

மூடியிருந்த ஜாடிகளிலிருந்து வாசனை வந்தது. வெர்திப் பொடி சூடுபட்டால்தான் மணக்கும். காய்ந்த இரும்பில் தேன் சிந்தியதுபோல லேசாகத் தொண்டையில் கமறும். அடுப்போ நான்கு நாட்களாக அணைந்தே கிடந்தது. ஹெவ்ரா ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்தன.

கேல்மூர் நிலவின் சுரங்கக் குடியிருப்பின் கோடியில் இருந்தது அவளுடைய சூப்புக் கடை. அதையொட்டி ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே காற்றில்லாத தரை, பழைய சுரங்கத்தின் வாய். மூன்று கிரகங்களின் கப்பல்கள் அவளிடம் வெர்தி வாங்கிப் போகும். ஒரு சிட்டிகை தின்றால் பயம் போய்விடும்.

நான்கு நாட்களுக்கு முன் மேஸ்திரி தோர்மக் வந்து காதோடு சொன்னான்: "பழைய சுரங்கம்னாலே பயலுங்க நடுங்குறானுங்க. சூப்புல கொஞ்சம் தூவி விடு. அவனுங்களுக்குத் தெரிய வேணாம்."

அவள் தூவினாள். சிட்டிகை அல்ல, ஒரு கைப்பிடி. தொழிலாளர்கள் பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே சுரங்கத்தில் இறங்கினார்கள். கூரை விரிசல் விட்டபோது ஒருவன்கூட ஓடவில்லை. விழும் கல்லின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் பாடிக்கொண்டிருந்ததைக் குடியிருப்பே ஒலிபெருக்கியில் கேட்டது.

மதிய மணி அடித்ததும் சுரேன் வந்தாள். செத்துப்போன பதினொரு பேரில் ஒருவனான இல்காஷின் மனைவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அவரு லிஃப்ட்ல ஏறவே என் கையைப் புடிச்சுக்குவாரு. அன்னிக்கு மட்டும் எப்படிக்கா பாட்டு வந்துச்சு?"

"தைரியம் வந்திருக்கும்மா."

"நீங்க எதுவும்..."

"நான் என்னத்தைக் கண்டேன்? சூப் ஊத்தினேன், அவ்வளவுதான்."

சுரேன் அவளையே பார்த்தாள். "உங்க சூப்புன்னா அவருக்கு உசுரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹெவ்ரா மறுபடியும் மூடிகளை முகர்ந்து பார்த்தாள். வாசனை ஜாடியிலிருந்து வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இரும்புக் கதவின் விளிம்பிலிருந்து, ஓர் எறும்புகூட நுழைய முடியாத அந்த இடுக்கிலிருந்து, யாரோ மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்தது.

பிறகு தட்டினார்கள்.

அவசரமில்லாத தட்டல். பசித்தவர்கள் சாப்பாட்டு மேசையைத் தட்டுவதுபோல.

கதவில் சிறு கண்ணாடி உண்டு. அவள் பார்க்கவில்லை. கால்கள் நடுங்கின. கை தானாக ஜாடிக்குப் போனது. ஒரு கைப்பிடி. வாயில் போட்டு மென்றாள்.

நடுக்கம் நின்றது. இதயம் அடங்கியது. பயம் துளிகூட இல்லை.

செய்தது மட்டும் அப்படியே இருந்தது. முன்னைவிடத் தெளிவாக. அதை மறைத்து நிற்கப் பயம்கூட இப்போது இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். இல்காஷ் முன்னால் நின்றான். தலைக்கவசம் இல்லை. நெற்றியில் பாதி இல்லை. அவன் பின்னால் மற்றவர்கள், வரிசையாக, தூசி அப்பிய முகங்களோடு. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்றேன்பா," என்றாள் ஹெவ்ரா.

எச்சரிக்கை மணி அலறியது. பின்னால் தாழ்வாரத்தில் சுரேன் "அக்கா, வேணாம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவர்கள் மூச்சு விடும் காற்று கதவிடுக்கில் சீறத் தொடங்கியது.

ஹெவ்ரா அமைதியாக, இரண்டு கைகளாலும், கதவின் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.