பன்னிரண்டாயிரம் வீடுகளில் சற்குணம்

காய்கறி வாங்கக் கிளம்பும் முன் சற்குணம் கைபேசியில் நேற்றைய அறிக்கையைப் புரட்டுவார். முந்தின மாலை தாம் எந்தெந்த வீட்டில் என்ன செய்தோம் என்பது அதில் இருக்கும். பன்னிரண்டாயிரம் வீடுகள். சிலவற்றில் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பார். சிலவற்றில் விஷம் வைத்திருப்பார். ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. தெருவில் யார் எதற்காகச் சிரிக்கிறார்கள், எதற்காக முறைக்கிறார்கள் என்று புரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டி வைப்பார்.

முப்பது வருடம் சீரியலில் டாக்டராக, இன்ஸ்பெக்டராக, பெண்ணின் தகப்பனாக வந்துபோனவர். ஏழு வருடங்களுக்கு முன் இல்லத்தொடர் வந்தது. வீட்டுக்கு வீடு தனிக்கதை; பார்ப்பவரையும் ஒரு பாத்திரமாக்கி அவரோடு நேரடியாகப் பேசும். பார்ப்பவர் எந்தக் காட்சியில் கண் கலங்குகிறாரோ, அந்தப் பக்கமே கதை வளரும். சற்குணம் தம் முகத்துக்கும் குரலுக்குமான உரிமையை எழுதிக்கொடுத்தார். அதன்பின் நடித்ததெல்லாம் கணினி உண்டாக்கிய அவருடைய நிழலுருதான்.

அன்று சாலிகிராமம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை.

"அப்பா, நீங்க சொன்னபடியே கிளம்பிட்டேன்."

"யாரும்மா நீ? நான் என்ன சொன்னேன்?"

"குமுதவல்லிப்பா. 'மன்னிச்சிட்டு அவன்கிட்டயே திரும்பிப் போ'ன்னு நேத்து அழுதீங்களே."

புருஷன் அடி தாங்காமல் நான்கு மாதமாக அக்கா வீட்டில் இருக்கிறாளாம். சற்குணம் அவள் பையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதேம்மா. அது நான் இல்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து அவ்வளவு மனசோட பேசினீங்க. இப்ப ஏன் நடிக்கிறீங்க?"

பஸ் வந்து நின்றது.

"இன்னிக்கு எட்டு மணிக்கு உன் அக்கா வீட்டுக்கே வர்றேன். அதுவரைக்கும் பொறு, தாயி" என்று கெஞ்சினார். அவள் அரைமனதாக பஸ்ஸை விட்டாள்.

எட்டு மணிக்கு அவளுடைய அக்கா வீட்டு மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் பத்து வயது குறைந்த சற்குணம் கைகூப்பி, "இன்னும் ஏம்மா போகல?" என்று உடைந்து அழுதது. இத்தனை நன்றாக அவர் ஒருநாளும் நடித்ததில்லை. தம்மை அறியாமல் அவர் கண்ணும் நிறைந்தது.

குமுதவல்லி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அழறீங்க. நான் யாரை நம்புறது?"

"ரெண்டு பேரையும் நம்பாதே. அடி வாங்கினது நீதானே? உனக்கு என்ன தோணுது?"

அவள் எழுந்துபோய்த் திரையை அணைத்தாள். "அதை யாருமே கேக்கலப்பா. நான் போகல. ஆனா நாளைக்கு எட்டு மணிக்கு அது திரும்ப அழும். நீங்களும் வருவீங்களா?"

"வர்றேம்மா."

படியிறங்கும்போது கீழ்வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது. பெற்ற பிள்ளை என்றும் பாராமல் யாரையோ வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தது. சற்குணம் அழைப்புமணியில் விரலை வைத்தார். உள்ளே போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.