மூக்குக்காரி

சமையலறைக்குள் கால் வைத்ததுமே அவள் மூக்கில் ஏறியது. கேஸ் வாசம்!

சொல்லலாமா? சொன்னால் தலையா போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் வாழ்ந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்!

வீட்டின் முன்பக்கம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. முப்பது வருஷமாக மாமியார்தான் வண்ணம் கலக்குகிறாள், விவரம் தெரிந்த நாளிலிருந்து மகன் அடிக்கிறான். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நெடியில் இரண்டு பேர் மூக்கும் என்றைக்கோ செத்துப்போய்விட்டன. அது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. பால் தீய்ந்தது என்றாலும் இவள் பொய் சொல்கிறாள் என்பார்கள். 'மூக்குக்காரி' என்று மாமியார் வைத்த பெயரைப் பட்டறை ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் இதே வாசம் வந்தபோது சொன்னாள். புருஷன் குனிந்து சிலிண்டரை முகர்ந்தான்... அந்த மூக்கை வைத்துக்கொண்டு! அப்புறம் ஆட்கள் முன்னால் சத்தமாகச் சொன்னான்.

"இவளுக்கு ஆண்டவன் மூக்கை மட்டும்தான் குடுத்தான். மூளை வைக்க மறந்துட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய ஏழு வயது மகளும் கைதட்டிச் சிரித்தாள். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னடி, மரம் மாதிரி நிக்குற?" மாமியார் லைட்டரோடு உள்ளே வந்தாள். பேத்தி டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்பை ஒட்டி நின்றாள்.

"ஒண்ணுமில்ல அத்தை..."

"மறுபடியும் வாசமா?"

"பாட்டி, மூக்குக்காரி ஆரம்பிச்சிட்டா!" என்றாள் குழந்தை, பாட்டியின் குரலிலேயே.

அவள் அப்படியே நின்றாள். மாமியாரின் கை அடுப்பை நோக்கி நீண்டது.

"அத்தை! வேணாம்!"

இப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. லைட்டரைப் பிடுங்கினாள். ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு, இரண்டு பேரையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ, என் கையை முறிச்சிட்டாளே! டேய், உன் பொண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுடா!"

புருஷன் ஓடிவந்து கையை ஓங்கினான்.

"அடிங்க. ஆனா கேஸ் மெக்கானிக் வந்து பார்க்குற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது!"

ஓங்கிய கை இறங்கியது. அவள் முகத்தில் அப்படி ஒரு கிலி.

மெக்கானிக் சோப்புத் தண்ணீர் தடவினார். டியூப் நெடுக நுரை கொப்பளித்தது.

"போன மாசமே கசிய ஆரம்பிச்சிருக்கும்மா. இன்னிக்கு நல்லாவே கிழிஞ்சிருக்கு. இந்நேரம் அடுப்பைப் பத்த வச்சிருந்தா... வேணாம், எதுக்கு என் வாயால சொல்லிக்கிட்டு! வீட்டுல யாருக்குமா வாசம் தெரியல?"

புருஷன் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் கிட்ட வந்து மருமகள் கையைப் பிடித்தாள்.

"என் குலத்தையே காப்பாத்திட்டியே தாயி..."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் காப்பாத்தல அத்தை. உள்ள வந்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. நெருப்பை நினைச்சு நான் பயப்படல, நீங்க எல்லாரும் சிரிப்பீங்களேன்னுதான் பயந்தேன். என் புள்ள அடுப்புப் பக்கத்துல நிக்குறா... பெத்தவ நான் பேசாம நின்னேன்! என்னை இப்படி ஆக்கிட்டீங்களே அத்தை!"

மாமியார் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். குழந்தை மிரண்டுபோய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மா, இனிமே சிரிக்க மாட்டேம்மா..."

அவள் குனிந்து மகளை அள்ளிக்கொண்டாள். அன்று முழுக்க அவளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.