பச்சைக் கிண்ணத்தை உடைத்தது யார்?

வாயாடி என்றால் அந்தத் தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் தெரியாதவர்களே கிடையாது. பள்ளிக்கு விடுமுறை விட்டால் போதும், அங்கே வேலை பார்க்கும் சித்தியோடு கிளம்பி வந்துவிடுவாள். பல நூறு வருடங்களுக்கு முந்தைய பானைச் சூளை ஒன்றைத் தோண்டியெடுத்திருந்தார்கள். அதில் கிடைத்த பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அன்று மண் அப்பிய பச்சைக் கிண்ணம் ஒன்றை வாளித் தண்ணீரில் நனைத்தாள். மண் கரைந்தது. கிண்ணம் இரண்டாகப் பிரிந்து கையோடு வந்தது!

"அடக் கடவுளே!" ஆய்வாளர் ஓடி வந்தார். "முழுசா கிடைச்ச ஒரே கிண்ணம்! உடைச்சிட்டியே!"

"நான் உடைக்கல சார். மண்ணு போனதும் அதுவா பிரிஞ்சுது."

"அதுவா பிரியுமா? யார்கிட்ட காது குத்துற?"

அவர் விறுவிறுவென்று ஓர் அட்டையில் எழுதினார்: 'கழுவும்போது உடைந்தது.' அந்த அட்டை கிண்ணத்தோடு பெட்டிக்குள் போகும். நூறு வருடம் கழித்துத் திறந்து பார்ப்பவர்களும் அதைத்தான் நம்புவார்கள். வாயாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சித்தி அவள் காதைக் கடித்தாள். "ஒரு சாரி சொல்லிட்டு விடேன்டி. இல்லேன்னா நாளையிலிருந்து உன்னை உள்ளயே விட மாட்டாரு."

"விடாட்டிப் போகட்டும்! செய்யாத தப்புக்கு நான் எதுக்குச் சாரி சொல்லணும்?"

வீராப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டு துண்டுகளையும் மறுபடி கையில் எடுத்தாள். உடைந்த விளிம்பை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

இது என்ன கூத்து? இதுவரை ஆயிரம் ஓடாவது கழுவியிருப்பாள். உடைந்த இடம் எப்போதும் சொரசொரவென்றுதான் இருக்கும்.

"சார், இங்க பாருங்க! உடைஞ்ச இடத்துலயும் கண்ணாடி மாதிரி பச்சைப் பூச்சு வழிஞ்சிருக்கு. இந்தப் பூச்சு எதுல உருகும்?"

"சூளை நெருப்புலதான். அதுக்கென்ன?"

"என்கிட்ட என்ன சூளையா இருக்கு? ஒரு வாளியும் ஒரு பிரஷ்ஷும்தானே!"

ஆய்வாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"சூளைக்குள்ளேயே வெடிச்சிருக்கு. அப்புறம்தான் பூச்சு உருகி இதுல இறங்கியிருக்கு. இத்தனை காலமா மண்ணுதான் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருந்திருக்கு. அவசரப்பட்டுட்டேன்மா, மன்னிச்சுக்கோ."

"சரி, மன்னிச்சாச்சு. அட்டை?"

அவர் சிரித்துக்கொண்டே பழைய அட்டையைக் கிழித்துப் போட்டார். புது அட்டையையும் பேனாவையும் அவளிடமே நீட்டினார். வாயாடி நாக்கைத் துருத்திக்கொண்டு, கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'சூளையில் உடைந்தது. நான் உடைக்கவில்லை!'