என் மடியில் சில்வண்டு

விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த பழைய வீட்டில் இறங்கியதும் ஈரச் சுவர் வாசனை மூக்கில் ஏறியது. அத்தான் சிக்னல் தேடி, போனைத் தலைக்கு மேல் தூக்கியபடி அறை அறையாக நடந்தார். அக்கா வாசலைப் படமெடுத்தாள். அவர்களுடைய ஏழு வயது மகள் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமலே படியேறினாள்.

அவளுக்கு நான் வைத்த பெயர் சில்வண்டு. ஓயாமல் பேசுவாள், என்னிடம் மட்டும். அதெல்லாம் டேப்லெட் வருவதற்கு முன்னால். இப்போது கூப்பிட்டால் "இரு மாமா" என்பதோடு சரி. பத்தொன்பது வயதில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவது கௌரவமான காரியமில்லை. ஆனாலும் பட்டேன்.

நான் பொறியியல் படிக்கிறேன் என்பதால், பயணங்களில் எல்லோருடைய சார்ஜரையும் எடுத்துவைப்பது என் பொறுப்பு. அவளுடையதை மட்டும் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவந்தேன். வேறு எந்தச் சார்ஜரும் அந்த டேப்லெட்டுக்குப் பொருந்தாது.

மறுநாள் மத்தியானம் டேப்லெட் அணைந்தது. அழுதுகொண்டு ஓடிவருவாள் என்று சீட்டுக்கட்டோடு காத்திருந்தேன்.

அழவில்லை.

உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கறுத்த திரையைத் தடவித் தடவி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சார்ஜே இல்லையேடி. என்ன விளையாடுற?"

"கண்ணாமூச்சி. இந்த வீட்டு அக்காகூட."

"அந்த அக்கா எங்க?"

"உள்ள." திரையைக் காட்டினாள். "ஒளிஞ்சே இருந்து அவளுக்குப் போரடிக்குதாம். இப்ப நான் ஒளியணும்."

"மாமாகூட சீட்டு விளையாட வாயேன்."

"அவளும் உன்னைப் பத்தியேதான் கேக்குறா. உன்னை மாதிரி ஒரு மாமா அவளுக்கு இல்லையாம்."

பெருமையாகத்தான் இருந்தது. சீட்டுக்கட்டை எடுக்கத் திரும்பினேன்.

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு நின்றது.

திரும்பிப் பார்த்தால், டேப்லெட் தரையில் கவிழ்ந்து கிடந்தது. சில்வண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது.

அதன்பின் அவள் என்னை விட்டு நகரவில்லை. பேசவும் இல்லை. ஊர் திரும்பும் காரில் என் மடியில்தான் உட்கார்ந்தாள்.

"டப்பா ஓஞ்சதும் பிள்ளை எப்படி மாறிட்டா பாருங்க," என்றாள் அக்கா.

"உன் தம்பி ஜெயிச்சுட்டான்," என்றார் அத்தான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் போனில் வகுப்புத் தோழியின் செய்தி வந்தது. படிப்பதற்குள் ஒரு சின்ன உள்ளங்கை திரையை மூடியது.

"யாரு அவ?"

குரல் சில்வண்டுடையது. கேட்ட தோரணை வேறு யாருடையதோ.

என் காலடியில், டேப்லெட் வைத்திருந்த பைக்குள் ஏதோ தட்டியது. தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய குரல்.

"மாமா, இங்க இருட்டா இருக்கு."

அத்தான் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனில் இருந்தாள்.

என்னைத் தவிர, மடியில் இருந்தவளுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி உட்கார்ந்து, என் இரண்டு காதுகளையும் மெல்லப் பொத்தினாள்.